கைதட்டாமல் கேளுங்கள்

ஹானியா வாயைத் திறந்தால் ஊரும் வாயைத் திறந்துகொள்ளும். காதை மட்டும் மூடிக்கொள்ளும். அதுதான் அவளுடைய தலைவலி.

ஒருநாள் நடந்ததைப் பாருங்கள். அவள் இனாஸ் நானாவின் கடைக்குப் போனாள்.

"நானா, அரைக் கிலோ பருப்பும் ஒரு பாணும் தாங்க."

தராசில் சீனி நிறுத்துக்கொண்டிருந்த இனாஸ் நானாவின் கை அப்படியே நின்றது.

"இன்னொருக்காச் சொல்லுங்க மகள்!"

"அரைக் கிலோ பருப்பு. ஒரு பாண்."

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" இனாஸ் நானா உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "இங்க ஓடி வாங்களன்! வெள்ளக்காரப் புள்ள 'பருப்பு' எண்டு சொல்லுது!"

உள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். தேங்காய் வாங்க வந்தவரும் வந்தார். ஹானியா இன்னும் இரண்டு முறை பருப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. இனாஸ் நானா அதைப் போனில் வீடியோ எடுத்தார். கடைசியில் பாண் ரொட்டியோடு ஒரு பொட்டலத்தையும் கட்டி, மேலே ஒரு டொபியும் வைத்து அனுப்பினார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் சீனி.

"பருப்பு எங்கே?" என்று அம்மா கேட்டார்.

"பருப்பு தரவில்லை. பாராட்டுத்தான் தந்தார்கள்."

"அதைக் கறி வைக்க முடியாதே" என்றார் அம்மா.

ஹானியாவுக்கு வயது பதினொன்று. அவளுடைய நாடு போலந்து. மூன்று வயதில் அம்மா அப்பாவோடு இலங்கையின் கற்பிட்டிக் கரையிலுள்ள இந்த ஊருக்கு வந்தாள். பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீர்மேல் சறுக்கி விளையாட இங்கே வெளிநாட்டவர்கள் வருவார்கள். பட்டங்கள் கிழியும். கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில்.

ஊரில் பாதிப் பேர் அவளோடு இங்கிலீஷில்தான் கதைப்பார்கள். போலந்தில் இங்கிலீஷ் பேசுவதில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதாயில்லை. "வெள்ளக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாதா? புள்ள சும்மா பகிடி விடுது" என்பார்கள். போன தவணைப் பரீட்சையில் இங்கிலீஷில் வகுப்பிலேயே கடைசி ஹானியாதான். இங்கிலீஷ் டீச்சர் அதைத் தனக்குச் செய்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

மற்றப் பாதிப் பேர் அவள் தமிழைக் கேட்டுக் கைதட்டுவார்கள். 'மழை வரப்போகுது, துணியை எடுங்க' என்றால் கைதட்டல். 'உங்கட சைக்கிள் விழுந்திட்டு' என்றாலும் கைதட்டல். துணி நனையும். சைக்கிள் கிடக்கும்.

அவள் தமிழைப் பார்த்து அதிசயப்படாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு றிஷ்னா.

றிஷ்னாவிடமிருந்துதான் ஹானியா தமிழையே பிடித்தாள், சளித் தடிமல் பிடிப்பது போல. இருவரும் ஒரே வகுப்பு. றிஷ்னா அவளை ஒருநாளும் பாராட்டியதில்லை. "மொக்கு, அப்படி இல்ல!" என்பாள். "நீதான் மொக்கு!" என்பாள் ஹானியா. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று மணிக்கணக்காகச் சண்டை பிடிப்பார்கள். ஹானியாவுக்கு அதைவிடச் சுகமான பொழுது வேறில்லை.

அந்தச் சுகத்துக்குத்தான் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பேச்சுப் போட்டி வேட்டு வைத்தது.

தலைப்பு: எங்கள் ஊர். முதலாவதாக வருகிறவர் புத்தளத்தில் நடக்கும் வலயப் போட்டிக்குப் போகலாம். அங்கே போக வேண்டும் என்பது றிஷ்னாவின் நெடுநாள் ஆசை. குளிக்கும்போதும் பேசிப் பழகினாள். கிணற்றடிக் காகங்களுக்கே அவள் பேச்சு பாடமாகியிருந்தது.

பிரதம நடுவர் ஜப்பார் ஹாஜியார். அவருக்குத் தமிழில் என்ன தேர்ச்சி என்று கேட்காதீர்கள். வெற்றிக் கிண்ணங்களை வாங்கித் தந்தவர் அவர். கிண்ணம் தருகிறவர் அது யாருக்குப் போக வேண்டும் என்றும் சொல்லலாம்தானே?

றிஷ்னா மேடையேறினாள்.

"எங்கள் ஊரில் ஓர் அழகான பஸ் தரிப்பிடம் உண்டு. அதில் இருக்கை உண்டு. கூரை உண்டு. கட்டித் தந்தவரின் பெயர் உண்டு. பெயருக்கு முன்னால் பட்டங்கள் உண்டு. பஸ் மட்டும் அங்கே நிற்பதில்லை. பஸ் பள்ளிவாசலடியில்தான் நிற்கும். ஏனென்றால் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்!"

மண்டபம் சிரித்தது. ஜப்பார் ஹாஜியார் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் அவருடையது. பட்டங்களும் அவருடையவை.

பிறகு ஹானியா ஏறினாள்.

"எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் கடல் உண்டு. கடலில் மீன் உண்டு. மீனில் முள் உண்டு..."

முள்ளுக்குப் பிறகு என்ன வரும் என்பது மறந்துவிட்டது. யோசித்தாள். வரவில்லை. அவள் மறந்து நின்ற நேரம் முழுவதும் சபை கைதட்டிக்கொண்டே இருந்தது.

"கடல் கடந்து வந்த தமிழ்!" என்று ஜப்பார் ஹாஜியார் முழங்கினார். "இது நம்மட ஊர்ப் புள்ள! முதலாம் இடம் ஹானியா! ரெண்டாம் இடம் மன்னார்ச் சரீபுட மகள்!"

றிஷ்னா அழவில்லை. ஹானியாவின் கையைப் பிடித்து "முபாரக்" என்றாள். பிறகு தனியாக வேறு பாதையால் வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் இடையே கதைபேச்சு இல்லை. ஹானியா வேலியடிக்கு வந்தால் றிஷ்னா உள்ளே போய்விடுவாள். ஒருநாள் ஹானியா வேலி ஓரம் பதுங்கியிருந்து, அவள் துணி காயப்போட வந்தபோது பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டனா பரிசு?"

"வேணாம் எண்டு சொன்னியா?"

"சொன்னன்! அண்டைக்கே ஹாஜியாரிட்டச் சொன்னன்! அதுக்கும் கைதட்டினார்!"

றிஷ்னா கையிலிருந்த துணியை உதறினாள். தண்ணீர் ஹானியாவின் முகத்தில் தெறித்தது.

"எங்கட வாப்பா சின்னப் புள்ளையா மன்னாரால வந்தவர். இந்த ஊருலதான் வளந்தார். இந்த ஊருலதான் கலியாணம் முடிச்சார். தலையும் நரைச்சிட்டு. இன்னும் அவர் 'மன்னார்ச் சரீப்'தான். நீ நேத்து வந்தாய். நீ மட்டும் நம்மட ஊர்ப் புள்ளயா? போ, போய் மீன்முள்ளப் பத்திப் பேசு!"

அவள் போய்விட்டாள். ஹானியா கோபத்தில் கீழே கிடந்த தேங்காய் மட்டையை உதைத்தாள். மட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல்தான் வீங்கியது.

றிஷ்னா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை பரிசளிப்பு விழா. அது முடிந்ததும் வலயத்துக்குப் பெயர் போய்விடும். அதற்குள் மாற்றியாக வேண்டும். ஹானியா நொண்டிக்கொண்டே பள்ளிக்கூட அதிபர் றஸ்மி சேரின் அறைக்குப் போனாள். அங்கே தமிழ் படிப்பிக்கும் ஷஸ்னா டீச்சரும் இருந்தார்.

"சேர், றிஷ்னா என்னய விட நல்லாப் பேசின. அவட பேரத்தான் அனுப்பணும்."

அதிபர் கண்களை மூடித் தலையை ஆட்டினார், பாட்டுக் கேட்கிறவர் போல.

"பாத்தீங்களா டீச்சர்? 'என்னய விட'! நம்மட ஊர்ப் பேச்சு அப்படியே வருது!"

"சேர், புள்ள என்ன சொல்லுதெண்டா..." என்று ஷஸ்னா டீச்சர் தொடங்கினார்.

"என்ன சொன்னா என்ன டீச்சர்? எப்படிச் சொல்லுது, அதப் பாருங்க!"

ஷஸ்னா டீச்சர் ஹானியாவைப் பார்த்தார். ஹானியா டீச்சரைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்தது ஜப்பார் ஹாஜியார் வீடு. வாசலில் ஒரு பெயர்ப்பலகை. 'சமூகஜோதி, சேவைச்சுடர், கல்விக்காவலர், அகில இலங்கை சமாதான நீதவான், அல்ஹாஜ்...' ஹானியா ஹாஜியாரின் பெயர் வரைக்கும் வாசித்து முடிப்பதற்குள் அவரே கேற்றைத் திறந்துவிட்டார்.

"கம், கம், பேபி! ஹவ் இஸ் யுவர் கண்ட்ரி?"

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது ஹாஜியார். தமிழ்லயே சொல்லுங்க."

"ஆஹா! ஆஹா!" ஹாஜியார் தொடையில் தட்டினார். "ஆனா மகள், ஒரு கேள்வி. சிங்களம் படிச்சா நாடு முழுக்கப் போகலாம். இங்கிலீஷ் படிச்சா உலகம் முழுக்கப் போகலாம். இந்தத் தமிழப் படிச்சு நீங்க எங்க போகப் போறீங்க?"

"றிஷ்னாட ஊட்டுக்கு" என்றாள் ஹானியா.

இப்போது அங்கேயும் போக முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள். ஹாஜியார் இறைச்சிப் பெட்டிஸ் ஒன்றைத் தந்து, கைதட்டி அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை வந்தது.

முற்றத்தில் பந்தல். முன்வரிசையில் பிரதம அதிதி ஜப்பார் ஹாஜியாருக்கும் மற்ற அதிதிகளுக்கும் சோபாக்கள். அதற்குப் பின்னால் ஊர். எல்லோருக்கும் பின்னால், கேற்றுக்குப் பக்கத்தில், அதிதிகளுக்கான தேநீர் மேசை. அதில் கேக், பெட்டிஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். ஜப்பார் ஹாஜியாருக்குப் போட்ட பெரிய மாலையும் அங்கேதான் இருந்தது. கழுத்து வலிக்கிறதென்று அவர் கழற்றிக் கொடுத்திருந்தார்.

வரவேற்புரை நடந்தது. வரவேற்புரை செய்தவரை வரவேற்று ஓர் உரை நடந்தது. வெயில் ஏறியது. சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். கடைசியில் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இப்பொழுது, முதலாம் இடம் பெற்ற செல்வி ஹானியா, தன் செந்தமிழில் மீண்டும் உரையாற்றுவார்!"

ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. தேநீர் மேசைக்குக் காவல் நின்றவர்கள்கூட வெள்ளைக்காரப் பிள்ளையின் தமிழைப் 'பார்க்க' முன்னால் வந்துவிட்டார்கள். இனாஸ் நானா போனை உயர்த்தினார். றிஷ்னா மட்டும் வகுப்பு வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஹானியா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்."

கைதட்டல்.

"இந்தப் பரிசு எனக்குரியதில்ல."

பெரிய கைதட்டல்.

"றிஷ்னாதான் நல்லாப் பேசின. வலயப் போட்டிக்கு அவதான் போகணும்."

ஜப்பார் ஹாஜியார் சோபாவிலிருந்து எழுந்தே நின்று கைதட்டினார். "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" அவரைப் பார்த்து மற்ற அதிதிகளும் எழுந்தார்கள்.

ஹானியாவுக்கு அழுகை வந்தது. ஒலிவாங்கியை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று யோசித்தபோதுதான் கேற்றடியில் ஏதோ அசைவது தெரிந்தது.

கழுதை. ரோட்டில் திரியும் கழுதைகளில் ஒன்று. திறந்து கிடந்த கேற்றால், அழைப்பிதழ் கிடைத்த அதிதியைப் போல மெதுவாக உள்ளே வந்தது.

"பின்னுக்கு ஒரு கழுதை வந்திருக்கு" என்றாள் ஹானியா.

கைதட்டல்.

"அது வாழைப்பழம் தின்னுது."

கைதட்டல். "கழுதை! கழுதை! அந்த 'ழ'வைக் கேட்டீங்களா?" என்றார் ஜப்பார் ஹாஜியார் பக்கத்துச் சோபாவிடம். "நம்மட புள்ளைகளுக்கு வருமா?"

ஹானியா வாயைத் திறந்தபடி நின்றாள். முதலில் கோபம் வந்தது. பிறகு, எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. சரி, கேட்க மாட்டார்களா? அப்படியென்றால் எதைத்தான் சொன்னால் என்ன?

அவள் ஒலிவாங்கியை நெருக்கிப் பிடித்து, உண்மையான பேச்சாளர் போலக் கையை உயர்த்தினாள்.

"பெரியோர்களே! கழுதைக்கு வாழைப்பழம் முடிந்துவிட்டது! தோலையும் விடவில்லை! இப்போது கேக்கை முகர்ந்து பார்க்கிறது. கேக் பிடிக்கவில்லை. பிரதம அதிதியின் மாலை பிடித்திருக்கிறது! பூவைத் தின்கிறது! நாரை மென்று பார்த்து யோசிக்கிறது! ஹாஜியார் அவர்களே, நீங்கள் பாதி மாலையை இழந்துவிட்டீர்கள்!"

பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. றிஷ்னா. முகத்தைத் திருப்பியிருந்தவளுக்குக் காது திறந்துதான் இருந்தது. அவள் பின்னால் பார்த்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கதிரைமேல் ஏறி நின்று கத்தினாள்:

"அல்லாஹ்வே! கைதட்டாம, அவள் சொல்றதக் கொஞ்சம் கேளுங்களன்! பின்னுக்குப் பாருங்க! கழுத!"

ஊர் திரும்பியது.

கழுதையும் ஊரைப் பார்த்தது. அதன் வாயில் மாலையின் மிச்சம் தொங்கியது. பார்க்கப்போனால், அன்றைய அதிதிகள் எல்லோரிலும் மிகவும் அமைதியாக நடந்துகொண்டது அதுதான்.

அதன்பிறகு அமைதி இல்லை. கதிரைகள் விழுந்தன. அதிபர் பிரம்போடு ஓடினார். கழுதை மேசைத் துணியையும் இழுத்துக்கொண்டு கேற்றால் வெளியே போனது. பெட்டிஸ்கள் மணலில் உருண்டன.

ஜப்பார் ஹாஜியார் மேடையைப் பார்த்துக் கோபப்பட்டார். "பாத்துக்கொண்டு நிண்டீங்களே மகள், சொல்லக் கூடாதா?"

"சொன்னன் ஹாஜியார். நீங்க 'ழ' நல்லா இரிக்கி எண்டு சொன்னீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது.

ஹானியா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அதுக்கு முந்தி இன்னொரு விசயமும் சொன்னன். அதையும் நீங்க கேக்கல்ல. திருப்பிச் சொல்றன். தயவுசெஞ்சு கைதட்டாமக் கேளுங்க."

எல்லோரும் கேட்டார்கள். இத்தனை காது தன்னைக் கேட்பது ஹானியாவுக்குப் புதிது.

"மீனில முள் இரிக்கி எண்டு நான் பேசின. அது பூனைக்கும் தெரியும். அதுக்குப் பொறகு எனக்கு மறந்தும் போச்சு. றிஷ்னா ஒரு சொல்லும் மறக்கல்ல. அவ பேசக்குள்ள நீங்க எல்லாரும் சிரிச்சீங்க, ஏனெண்டா அவ சொன்னத நீங்க கேட்டீங்க. நான் பேசினா ஒருத்தரும் கேக்கிறயில்ல. சும்மா பாக்கிற. வலயத்துக்கு றிஷ்னாதான் போகணும்."

யாரும் கைதட்டவில்லை. ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"அது எப்படி மகள்? நடுவர் முடிவு எண்டா முடிவுதான். மாத்த ஏலாது."

"நான் இதச் சொன்ன நேரம் நீங்கதானே ஹாஜியார் முதல்ல எழும்பி நிண்டு கைதட்டின?"

"நானா?"

"ஓம் ஹாஜியார்" என்றார் இனாஸ் நானா, போனை உயர்த்திக் காட்டியபடி. "வீடியோவில வடிவா விழுந்திருக்கி. 'மாஷா அல்லாஹ்' எண்டு ரெண்டு தரம் சொல்றீங்க. போட்டுக் காட்டவா?"

ஹாஜியார் வலப்பக்கம் பார்த்தார். ஊர். இடப்பக்கம் பார்த்தார். அங்கேயும் ஊர். சமூகஜோதி ஒருவர் தாம் தட்டிய கையைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக எந்த ஊரிலும் கதை கிடையாது.

"அதென்ன கேள்வி?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் அதுக்குத்தானே தட்டின! புள்ள சொல்றது வெளங்காமலா எழும்பி நிப்பன்? றஸ்மி சேர், மன்னார்ச்... ம்... நம்மட சரீபுட மகள்ட பேர அனுப்புங்க!"

ஷஸ்னா டீச்சர்தான் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இந்தத் தடவை, எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்தே தட்டினார்கள்.

அன்று பின்னேரம் ஹானியா வேலியடிக்கு வந்தபோது, றிஷ்னா ஏற்கெனவே அங்கே நின்றாள்.

"கழுதப் பேச்சு நல்லாத்தான் இரிந்திச்சி" என்றாள் றிஷ்னா. "ஆனா ஒரே இழுவ. கேக் கதை தேவையில்ல. நேரா மாலைக்குப் போயிரிக்கணும், மொக்கு."

"கேக் கதைக்குத்தான் நீ சிரிச்சாய்!"

"நான் மாலைக்குச் சிரிச்சன்!"

"கேக்குக்கு! நான் மேடையில இரிந்து பாத்தன்!"

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை சண்டை நடந்தது. ஹானியாவுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

உள்ளே போகத் திரும்பிய றிஷ்னா நின்றாள்.

"வலயப் போட்டிக்கு நீயும் எங்களோட வா. எனக்குப் பயமா இரிக்கி."

"வாறன்!"

"ஆனா ஒண்டு. அங்க போய் வாயத் துறக்காத. நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், முதலாம் இடத்தத் தூக்கி ஒனக்குத்தான் தருவாங்க."

ஹானியா வாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் பலமாக ஆட்டினாள்.